இரைச்சல் இல்லாத பெட்டி

கிடாருக்கு ட்யூப் ஆம்ப் என்ற பழைய பாணி ஒலிபெருக்கி வைத்திருப்பவனுக்குத் தனியாக எதிரி வேண்டாம். ஒலியைக் கூட்டும் கெயின் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் கிடாரை மட்டும் பெரிதாக்குவதில்லை. கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் உள்ள அத்தனை கோளாறையும் சேர்த்துப் பெரிதாக்கும். நடுவில் இருப்பது நாங்கள் ப்ராசசர் என்று சொல்லும் டிஜிட்டல் பெட்டி. காலால் மிதித்தால் ஒலியை மாற்றும். என்னிடம் ஒன்று, என் நண்பனிடம் ஒன்று. எது குறைவாக இரைகிறது என்று பார்க்கப் போய்த்தான் என் மானம் போனது.

எங்கள் மாதா கோயில் திருவிழாவில், தோளில் தூக்கிப் போகும் தேர் கிளம்பும் முன் இளைஞர் குழு வாசிப்பது வழக்கம். இளைஞர் என்பது பேருக்குத்தான். எனக்கும் அவனுக்கும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது. போன வருடம் பங்குச்சாமி ஜெபத்தில் நிறுத்திய இடைவெளியில் என் பழைய பெட்டி ஆம்ப்பை உறும வைத்தது. சனம் சிரித்தது. இந்த வருடம் சாமி ஒரே நிபந்தனை போட்டார்: சும்மா இருக்கும்போது சத்தம் போடாத பெட்டி மட்டும் மேடைக்கு வரலாம். ஆம்ப் ஒன்றுதான், அதனால் தேர்ப் பாட்டின் நடுவே வரும் தனி வாசிப்பும் ஒருவருக்குத்தான். அந்த வாசிப்புக்கு மெட்டுக் கட்டியது அவன். பெட்டியை மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அவனவன் ஒலியை அவனவன் பெட்டிக்குள் மாதக்கணக்கில் செதுக்கி வைத்திருக்கிறோம். இரவல் செருப்பில் நடக்க முடியாது.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்ப்பவன். அளந்து பார்த்துத்தான் முடிவு செய்வது என்றேன். காது தெளிவாக இருக்கும் என்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டில் ஆம்ப்பைச் சூடேற்றி, கெயினை ஏழில் வைத்து, கிடார் ஒலியைச் சுத்தமாகக் குறைத்து, என் பெட்டியின் இரைச்சலை போனில் ஒரு நிமிடம் பதிவு செய்தேன். லேசான உஸ், அவ்வளவுதான். அவன் பாபநாசத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேரப் பத்து மணியானது. அதே ஆம்ப், அதே கேபிள், அதே அளவு. அவன் பெட்டியை மாட்டியதும் அடித்தொண்டையில் ஒரு ஹம் எழுந்து ஜன்னல் கண்ணாடி வரைக்கும் அதிர்ந்தது.

அடாப்டரை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். இரைச்சலை வெட்டும் வசதியைக் கூட்டினால், ஹம்மோடு அவன் வாசிப்பின் வாலும் வெட்டுப்பட்டது. அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அவன் ஓரமாக நின்று, உங்கள் வீட்டு லைனில் ஏதாவது இருக்குமோ, உன் பெட்டியையும் இப்போதே ஒரு தடவை மாட்டிப் பார்ப்போமா என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் அளவையே சந்தேகப்படுகிறானா?

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றேன்.

அவன் பெட்டியைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். தனி வாசிப்பு எனக்கு என்று முடிவானது. நான் சாமியிடம் போய்ச் சொல்லியும் விட்டேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு நடுப்பகலில் வாசிக்க உட்கார்ந்தேன். என் பெட்டியைத்தான் மாட்டினேன். அதே ஹம். பெட்டியைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலும் ஹம். எரிச்சலில் எல்லா ஒயரையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தபோது, நான் எதையும் தொடாத ஒரு நொடியில் அது தானாக நின்றது. ஆம்ப் குழந்தை மாதிரி உறங்கியது. சற்று நேரத்தில் அப்பா கொல்லைப்பக்கத்திலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வயல்ல தண்ணி ரொம்பிடுச்சு. மோட்டார நிறுத்திட்டு வரேன்."

மறுபடி போடச் சொன்னேன். போட்டார். ஹம் திரும்ப வந்தது.

ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் போர்வெல் தண்ணீரில் குறுவை நட்டிருந்தோம். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் காலை ஒன்பதுக்கு மேல்தான் வரும். வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரை ஓட்டிவிடும். மோட்டார் தரைக்கு அடியில் கிடப்பதால் வீட்டுக்குள் சத்தமே கேட்காது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டின் எர்த் கம்பி போர்வெல் இரும்புக் குழாயில் முறுக்கிக் கட்டியிருந்தது. மோட்டாரில் லேசாகக் கசியும் கரண்ட் அந்தக் குழாய் வழியாக என் ஆம்ப்புக்குள் ஏறியிருக்கிறது. அவ்வளவு பெரிய பைப் பூமிக்குள் போகும்போது உப்பும் கரியும் போட்டு எர்த்துக்குத் தனிக் குழி எதற்கு என்று அப்பா கேட்டார். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். ஷாக் அடித்து யாரும் சாகாதது மாதாவின் புண்ணியம். ஆனால் அப்பாவைக் குறை சொல்லி என்ன? பையன்களுக்கு எர்த்திங் பாடம் நடத்துகிறவன் நான். காலை ஏழு மணிக்கு ஒன்றையும் பத்து மணிக்கு இன்னொன்றையும் அளந்து தீர்ப்புச் சொன்னவனும் நான். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே பாபநாசம் போனேன். அவன் மெயின்ரோட்டு மேல்மாடியில் குடியிருக்கிறான். கிடார் உறையோடு பீரோவின் மேல் கிடந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். உன் பெட்டியில் ஒரு குறையும் இல்லை, நீயே வாசி, சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வேணாம் மாப்ள. அன்னைக்கு வந்ததுலேருந்து நான் அதத் தொடவே இல்ல. கை போயிடுச்சு. நீயே வாசி."

எவ்வளவோ கெஞ்சினேன். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான்.

திருவிழாவன்று மேடைக்கு ஜெனரேட்டர் கரண்ட். சாமி ஜெபத்தில் நிறுத்தினார்; ஆம்ப்பிலிருந்து மூச்சுகூட வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்கு நெருப்பாக இருந்தது. பாட்டின் நடுவே தனி வாசிப்பு வந்தது. அதன் கடைசியில் சுண்டுவிரலை நீட்டித் தந்தியை வளைத்து இறங்கும் ஓர் இடம் உண்டு. அது எனக்கு எந்த நாளும் சரியாக வந்ததில்லை. தாண்டிப் போய்விட்டேன். சனம் கைதட்டியது, ஒருவருக்கும் தெரியவில்லை.

கீழே தேர் தூக்க நின்றவர்களில் அவனும் ஒருவன். தோளில் தேர்க்கொம்பு, அதன் மேல் இடது கை. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொம்பின் மேல் அவன் விரல்கள் பாட்டோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன. நான் தாண்டிய இடத்தில் அவன் சுண்டுவிரல் நீண்டு, வளைந்து, இறங்கியது.