ட்ரையல் பீஸ்

ஜெயசுதாவுக்கு நாப்பத்து மூணு வயசு. இருபத்திரண்டு வருசமா பேட்லாக் டெய்லர்; பனியனோட அடிமடிப்பு அடிக்கிற அந்த மிஷின்ல உக்காந்தா தலையைத் தூக்க மாட்டா. ஆர்டர் நின்னு போச்சுன்னு அவ வேலை பாத்த கம்பெனியைப் பூட்டி ரெண்டு மாசம் ஆச்சு. ஊட்டுல சம்பாதிக்கிற ஆள் அவ ஒருத்திதான். அதனால கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கறா.

போர்டுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. 'ஆட்கள் தேவை', அதுவும் 'உடனடியாக'. அட, அந்த உடனடிக்கு ஒரு கும்பிடு! உள்ளே போனா எல்லாப் பக்கமும் ஒரே பல்லவி: "ஒரு ட்ரையல் பாத்தர்லாங்க அக்கா." அரை நாள் அடிச்சுக் காட்டணும். மத்தியானம் "போன் பண்றோமுங்க" ன்னு அனுப்பிருவாங்க. எங்கே பண்ணினாங்க? சிம் கம்பெனிக்காரனைத் தவிர ஒருத்தரும் கூப்பிடலை.

அஞ்சாவது கம்பெனி பல்லடம் ரோட்டுல. சூப்பர்வைசர் வேல்குமாருக்கு நேத்து முளைச்ச மீசை, கழுத்துல ஐடி கார்டு, செல்போன்ல ஸ்டாப்வாட்ச். அவன் பண்ற தோரணைக்கு கலெக்டர் தோத்தார். அன்னிக்கு ட்ரையலுக்கு மொத்தம் பதினோரு பேரு. பக்கத்து மிஷின்ல குண்டடத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த மயிலாத்தாள்.

கைவேலையைச் சோதிக்கக் கழிவுத் துணி போதும். இங்கே வந்ததோ புதுத்துணி. கட்டுக்குக் கட்டு சைஸ் சீட்டு, நம்பர். அடிச்சு முடிச்சதை ஒருத்தன் அள்ளிட்டுப் போய் செக்கிங் டேபிள்ல போட்டான். அங்கிருந்து அது அயர்னுக்குப் போச்சு. அதைப் பாத்ததும் ஜெயசுதாவுக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஒரு ஆளைக்கூட வேலைக்கு எடுக்காம ஆர்டரை முடிக்கிறானுங்க, த்தூ!

மத்தியானம் வேல்குமார் வந்தான். "அருமையா அடிக்கறீங்கக்கா. போன் பண்றோமுங்க."

"சேத்துக்கறீங்களா இல்லீங்களா, ஒண்ணைச் சொல்லிப்போடுங்க தம்பி."

"வயசு கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதுங்களேக்கா."

காலையில ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தானே, அப்போ தெரியாத வயசு, அரை நாள் வேலை வாங்கினதும் தெரிஞ்சிருச்சு. என்ன கண்ணோ!

சூப்பர்வைசருங்களுக்குள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ஒரு இடத்துல வாயைத் திறந்தா அந்த ரோட்டுல எவனும் மிஷின் தர மாட்டான். அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் எந்திரிச்சா. அடிச்சு முடிச்சும் அள்ளாம மிச்சமிருந்த தன் கட்டுல இருந்து ஒரு பனியனை எடுத்தா. பேட்லாக் தையல்ல எந்த நூலை இழுக்கணும்னு தெரிஞ்சவளுக்கு ஒரே இழுவைதான். சர்ருன்னு மடிப்பு மொத்தமும் பிரிஞ்சு தொங்குச்சு. அடுத்ததை எடுத்தா.

வேல்குமார் அலறிட்டான். "ஐயோ அக்கா! சாயங்காலம் ஷிப்மெண்ட்டுங்க!"

"ஏனுங்க தம்பி, ட்ரையல் துணிக்கு ஏதுங்க ஷிப்மெண்ட்டு?"

மயிலாத்தாள் மிஷினை நிறுத்திட்டு, தன் கட்டை மடிமேல இழுத்து வெச்சு நூல் முனையைத் தேட ஆரம்பிச்சா.