மஞ்சள் துணியில் முடிந்த லாட்டரிச் சீட்டு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மிளகுக் கொடி மாதிரி ஒரு பக்கமாகவே சாய்ந்து ஏறும். பிழைகளும் இருக்கும்; சின்ன ரகரமா பெரிய றகரமா என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பேனாவைவிடக் கொடுவாளைப் பிடித்ததுதான் அதிகம். நேரில் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் தேவனூர் நாட்டில் ரயில் கிடையாது. கீழே இறங்குவதற்கே காலடித் தடம்தான். ஆனால் மலையின் தெற்கு விளிம்பில் ஒரு பாறை உண்டு. மழை விட்ட மறுநாள் காலையில் அதன்மேல் ஏறி நின்றால் வெகு தூரத்தில் காவேரி ஒரு வெள்ளை நூலாகத் தெரியும். அதற்கும் அப்பால் சில நேரம் ஒரு புகை நகரும். அதுதான் எங்களுடைய ரயில்.

அதைப் பார்க்கவென்றே மூன்று பேர் அந்தப் பாறைக்குப் போவோம். ஒருவர் எங்கள் நாட்டுக்காரரே. இளவயதில் கீழே இறங்கி, அந்தத் தண்டவாளத்தைச் செப்பனிடும் கேங்கு வேலை பார்த்து, கால்விரல் இரண்டைச் சல்லிக்கல்லுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர். கேங்குக்காரர் என்றே எல்லோரும் அவரைச் சொல்வார்கள். இன்னொருவன் என் மனைவியின் தம்பி. பலாப்பழமும் மிளகும் தலைச்சுமையாகக் கீழே கொண்டுபோகிறவன். ஒரே ஒரு தடவை ரயிலேறியிருக்கிறான், அதுவும் டிக்கெட் இல்லாமல். இரண்டாவது ஸ்டேஷனில் காதைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள் நான். ரயிலைக் கிட்டத்தில்கூடப் பார்த்தது கிடையாது.

புகையை வைத்தே கேங்குக்காரர் வண்டியைச் சொல்லிவிடுவார்.

"கறுப்பா, இழுத்து இழுத்து வருது பாரு தம்பி. கூட்ஸு. பாசஞ்சரா இருந்தா வெள்ளையா, விட்டு விட்டு வரும்."

"அடுப்புல பச்சை வெறகு வெச்சாலும் கறுப்பாத்தான் வரும்," என்பான் மச்சினன். "நீங்க பாக்கறது எவனோ கரும்புப்பாகு காய்ச்சறதா இருக்கும், போங்கண்ணா."

"கரும்புக் கொப்பரை ஊரு ஊரா நவந்து போகுமாடா, மடையா?"

இவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் புகையை நான் பார்த்த காரணம் வேறு. அந்த ரயிலில்தான் என் அக்கா போனாள். மேற்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் புருஷனோடு போகிறேன் என்றாள். போனால் இந்த வாசலை மிதிக்காதே என்றார் அப்பா. போய்விட்டாள். பிறகு அப்பா இறந்தார். அக்காவின் புருஷனும் காய்ச்சலில் இறந்தார் என்று ஒரு கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீஸில் யாரிடமோ சொல்லி எழுதச் செய்திருந்தாள். "கண்ணு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே என்னால் முடியவில்லை. ரயிலுக்கு வழியிருந்தால் வந்துவிடுவேன்" என்றிருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் மட்டும்தான். அது சாமை பொய்த்த வருஷம்; என் மனைவிக்குப் பிரசவமாகியிருந்தது. கடிதத்தை விதைத்தினைப் பானைக்குள் போட்டு மூடினேன். அக்கா நன்றாக இருக்கிறாளாம் என்று மனைவியிடம் சொன்னேன். வெட்கம்தான் காரணம். கூடப்பிறந்தவளை அழைத்து வர வழியில்லாதவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நா எழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரியிடம் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு வந்தது. எங்கேயோ குதிரை ஓடுமாம், இங்கே பணம் விழுமாம். ஒரு ஜமீனையே வாங்கலாம் என்றார் வியாபாரி. மூவரும் ஆளுக்கொரு படி மிளகு கொடுத்து ஒரு சீட்டு வாங்கினோம்.

அன்று முதல் பாறைமேல் பேச்சே மாறிவிட்டது.

"நானொரு எஞ்சின் வாங்குவேன்," என்றார் கேங்குக்காரர். "பழசா இருந்தாலும் சரி. மலைமேல வாசலூர்பட்டியிலிருந்து நம்ம நாடு வரைக்கும் தண்டவாளம் போடுவேன்."

"மேல எப்படீங்ணா ஏத்துவீங்க? ஒரு மூட்டை மொளகுக்கே எனக்கு நாக்குத் தள்ளுது."

"நட்டு நட்டாக் கழட்டிருவம். நாட்டுல எத்தனை தலை இருக்குது? ஆளுக்கொரு துண்டு."

"சக்கரத்தை யாரு தூக்கறது?"

"நீதான். உன்ற தலைதான் அதுக்குத் தோதா இருக்குது."

ஸ்டேஷனை எங்கே வைப்பது என்பதில் இருவருக்கும் ஒரு வாரம் சண்டை நடந்தது. தன் வீட்டு வாசலில் வேண்டும் என்றான் மச்சினன். எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், ஓடைப் பக்கம்தான் ஸ்டேஷன் என்றார் அவர். கடைசியில் வாசலில் வண்டி நிற்காது, ஆனால் மெதுவாகப் போகும், அவன் குதித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. எஞ்சின் ஓட்டுவது கேங்குக்காரர். பச்சைக்கொடி காட்டுவது மச்சினன்.

"மாமனுக்கு என்ன வேலைங்ணா?" என்று என்னைக் காட்டிக் கேட்டான்.

"டிக்கெட்டுக் குடுக்கறது. அதுக்குப் பேசவே வேண்டியதில்லை, கையை நீட்டுனாப் போதும். தம்பிக்குன்னே செஞ்ச வேலை."

நீ என்ன வாங்குவாய் என்று என்னைக் கேட்டபோதெல்லாம் தெரியவில்லை என்றேன். மனதுக்குள் தெரிந்துதான் இருந்தது. ஒரு முழு டிக்கெட். இரண்டு அரை டிக்கெட்.

சீட்டைப் பத்திரப்படுத்த எங்களுக்குத் தெரிந்தது ஒரு வழிதான். எங்கள் பக்கம் ஏதாவது நேர்ந்துகொண்டால் மஞ்சள் நனைத்த துணியில் காசு வைத்து, எங்கள் மலைத்தெய்வம் பெரியசாமியை நினைத்து முடிந்து, அடுப்புக்கு மேலே கட்டிவிடுவோம். நேர்ந்தது என்ன என்று வெளியில் சொல்லக் கூடாது. அது நடந்த பிறகுதான் முடிச்சை அவிழ்க்கலாம். சீட்டையும் ஒரு காசையும் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஆளுக்கொரு முடிச்சுப் போட்டோம். கேங்குக்காரர் முதலில், மச்சினன் அடுத்து, கடைசியாக நான். எங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் தொங்கவிட்டோம். மூவருக்கும் நிம்மதி.

இரண்டு மாதம் கழித்து மச்சினன் கீழேயிருந்து ஓட்டமாக ஏறி வந்தான். பரிசு விழுந்த நம்பர் பத்திரிகையில் வந்துவிட்டதாம். வியாபாரி பத்திரிகையை எடுத்து வைத்திருக்கிறாராம். நம்பரைக் கொண்டுவா என்றாராம்.

நம்பர் துணிக்குள் இருந்தது. ஒருவரும் குறித்து வைக்கவில்லை. ஏழில் முடியும் என்றான் மச்சினன். சுழியில் முடியும் என்றார் கேங்குக்காரர். படிக்கத் தெரிந்த நானோ அன்று சந்தோஷத்தில் நம்பரைப் பார்க்கவே இல்லை.

மச்சினன் அடுப்படிக்குப் போய்க் கையை உயர்த்தினான். என் மனைவி அகப்பையோடு குறுக்கே நின்றாள்.

"தொட்டீன்னா கை இருக்காது. நேந்தது நடக்காம முடிச்சை அவுக்கறதா? கைக்கொழந்தை இருக்கற ஊடுடா இது."

"நடந்துச்சான்னு பாக்கத்தானக்கா அவுக்கச் சொல்றேன்!"

"நடந்தா அவுத்துக்க."

"அவுத்தாத்தானே நடந்துச்சான்னு தெரியும்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நடக்கட்டும், அப்பறம் அவுரு."

கேங்குக்காரர் திண்டாடிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். "புள்ள சொல்றதும் நாயந்தான். கைகாட்டி எறங்காம வண்டிய எடுக்கப்படாது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மேல் முடிச்சு உன்னுதுதானே தம்பி? நீ என்ன நேந்தீன்னு சொல்லு. பரிசு விழோணும்னு நேந்திருந்தா இருக்கட்டும். வேற ஏதாச்சும்னா அது நடந்துச்சான்னு பாத்துக்கலாம். ஒன்னொன்னா வருவோம்."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நேர்ந்ததைச் சொல்லக் கூடாது என்று தப்பித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பரிசு அந்தத் துணிக்குள்ளேயே இருந்து, என் வாயடைப்பால் அக்கா அங்கேயே கிடந்துவிட்டால் என்ற பயம் அப்போது வந்தது. பானையைக் கவிழ்த்துக் கடிதத்தை எடுத்தேன். சொல்ல வராததால் வாசித்தேன். "ரயிலுக்கு வழியிருந்தால்" என்ற இடத்தோடு கடிதத்தை மடித்துவிட்டேன்.

அகப்பையைக் கீழே வைத்தாள் என் மனைவி. "எத்தனை நாளா இது இந்தப் பானையில கெடக்குது?"

"சாமை பொய்ச்சதிலிருந்து."

"நாத்தனா அங்க கெடந்து தவிக்கிறாங்க. உங்களுக்கு எங்கிட்டச் சொல்ல வாய் வல்லீங்களா?" என்று அழுதாள்.

கேங்குக்காரர் எழுந்தார். பரிசு, நம்பர், பத்திரிகை எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. "எங்கூட்டுல மொளகு காய வெச்சது இருக்குது," என்றார். "டேய், உன்ற ஊட்டுல?"

"இருக்குதுங்ணா."

"அப்பறம் என்ன நிக்கிற? மூட்டையக் கட்டு."

அவ்வளவுதான் பேச்சு. விலை ஏறட்டும் என்று இருவரும் சேர்த்து வைத்திருந்த மிளகு அது. என்னுடையதையும் சேர்த்து மறுநாள் காலையில் மூன்று மூட்டையாகக் கீழே இறக்கினோம். மணியார்டர் போனது. நானே கைப்பட ஒரு கடிதமும் எழுதினேன். இதே கையெழுத்துத்தான். அக்காவுக்கு யாரோ எப்படியோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். வரும் நாளைக் குறித்துப் பதில் வந்தது.

எதிர்கொண்டு அழைக்க மூவரும் போனோம். மோகனூரில் பரிசலேறிக் காவேரியின் அக்கரைக்குப் போய் ஸ்டேஷனை அடைந்தோம். கேங்குக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"இங்க வண்டி கொஞ்ச நேரந்தான் நிக்கும். புள்ளைகளையும் பொட்டியையும் வெச்சுக்கிட்டு உங்கக்கா தடுமாறும். நாம ரெண்டு ஸ்டேஷன் எதுக்கால போயி, அதோட ஏறிக் கூட்டிட்டு வந்துரலாம்."

அக்காவுக்காகச் சொன்னாரா எங்களுக்காகச் சொன்னாரா என்று நான் அப்போது கேட்கவில்லை. டிக்கெட் ஜன்னலில் என்னைத்தான் நிறுத்தினார். கையை நீட்டினால் போதும் என்று அங்கே தப்பிக்க முடியவில்லை. "மூனு டிக்கெட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். மச்சினன் தன் டிக்கெட்டை வாங்கி முகர்ந்து பார்த்தான். வண்டியிலும் அதை உயர்த்திப் பிடித்தபடியே இருந்தான். யாரும் வந்து கேட்கவில்லை என்பதில் அவனுக்குப் பெரிய வருத்தம்.

இறங்கிய இடத்தில் காத்திருந்தபோது கேங்குக்காரர் குனிந்து தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். "வந்துக்கிட்டிருக்குது தம்பி," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு புகை தெரிந்தது. வெள்ளையாக, விட்டு விட்டு.

அக்கா மெலிந்திருந்தாள். ஜன்னலோரம் இரண்டு பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நாங்கள் மூவரும் முண்டியடித்து ஏறியதும் பயந்துவிட்டாள். அப்புறம் என்னைக் கண்டுகொண்டாள்.

"ஏன் கண்ணு, எறங்கறதுக்குள்ள நீங்க ஏறிட்டீங்க? எங்கியாச்சும் போறீங்களா?"

"உன்னக் கூட்டிட்டுப் போகத்தான்," என்றேன்.

"என்னக் கூட்டிட்டுப் போக மூனு பேரா? எங்கிட்ட ஒரு பொட்டிதானே இருக்குது," என்று சிரித்தவள், சிரிப்பிலேயே அழுதாள். இரண்டு ஸ்டேஷன் தூரமும் என் கையை விடவில்லை. ரயிலுக்குள் நான் பார்த்தது அவள் கையை மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே காவேரி எப்படி இருந்தது என்று மச்சினன் பிறகு சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மஞ்சள் துணியை இறக்கி அக்காவிடம் கொடுத்தாள். மேல் முடிச்சை அக்கா அவிழ்த்தாள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு இருந்தன.

"உன்னுது என்னடா?" என்று மச்சினனைக் கேட்டார் கேங்குக்காரர்.

"இன்னும் நடக்கலீங்ணா. உங்களுது?"

"என்னுதும் நடக்கலே."

துணி மறுபடியும் அடுப்புக்கு மேலே போனது. வியாபாரி அந்தப் பத்திரிகையில் என்றைக்கோ சீரகம் மடித்துக் கொடுத்துவிட்டார். நாங்கள் பாறைக்குப் போவதை நிறுத்தவில்லை. பரிசு இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லையே. வருஷா வருஷம் கேங்குக்காரர் தண்டவாளத்தை நீட்டினார். பெரியசாமி கோயிலுக்கு ஒரு கிளைப்பாதை போட்டார். அக்காவும் சில நாள் கூட வருவாள். வண்டியில் பலகை குத்துகிறது, மெத்தை போட்டால்தான் நான் ஏறுவேன் என்பாள். போட்டுவிடலாம் என்பார் அவர். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த மலையிலேயே வளர்ந்து, இப்போது எங்களோடு காடு வெட்டிச் சாமை விதைக்கிறார்கள்.

இந்தத் தையில் கேங்குக்காரர் இறந்துபோனார். நேர்ந்தவர் போய்விட்டால் முடிச்சை அவிழ்க்காமல் ஆற்றில் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். நானும் மச்சினனும் துணியை எடுத்துக்கொண்டு அய்யாற்றுக்குப் போனோம். புகையில் கறுத்து, மஞ்சள் என்றே சொல்ல முடியாதபடி இருந்தது. மச்சினன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாமா, ஒரு பொய் சொல்லிட்டனுங்க," என்றான். "என்னுது அன்னிக்கே நடந்துருச்சு. டிக்கெட்டு வாங்கி ஒரு தடவை ரயில்ல போகோணும், அவ்வளவுதான் நேந்தது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா என்ற முடிச்சு அவுந்துரும். அண்ணனுது ஒன்னுதான் மிச்சம் நிக்கும். அவரும் நடந்துருச்சுன்னு ஏதாச்சும் சொல்லிட்டா சீட்டைப் பாத்திருவம். பரிசு இல்லைன்னு தெரிஞ்சா அந்த எஞ்சினை எங்க கொண்டுபோயி வெக்கறது?"

தன் முடிச்சை அவன் அங்கேயே அவிழ்த்தான். கேங்குக்காரருடையது மட்டும் மிஞ்சியது. அவர் என்ன நேர்ந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அதைத் தொடாமல் தண்ணீரில் விட்டோம். அய்யாறு கீழே போய்க் காவேரியில்தான் சேர்கிறது.

"போகட்டும் மாமா," என்றான். "சக்கரத்தைத் தூக்கற வேலை மிச்சம்."

வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு மேலே வெறும் கயிறு தொங்கியது. அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அந்த இருவர் தலையில் மிளகு மூட்டையை ஏற்றிக்கொண்டு இறங்கியிராவிட்டால் இன்றைக்கு இந்தச் சோறு இல்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிட்டேன்.

பார்த்திப வருஷம், மாசி மாதம், பன்னிரண்டாம் நாள்.