எஸ்தர் அக்காவின் பொடிமுத்து அட்டிகை

போன மாதம் மருமகளோடு கோயமுத்தூரில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு இரண்டே வேலை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவள் எதைக் கழுத்தில் வைத்துக் காட்டினாலும் "நல்லாருக்கு கண்ணு" என்று சொல்ல வேண்டும். கடைப்பெண் நீலத் துணி விரித்த தட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மங்கலான தங்கம், நடுவில் சிவப்புக் கல், கீழ் ஓரம் முழுக்கப் பொடிமுத்துத் தொங்கல். "இது ஆன்டிக் மேடம். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க" என்றாள்.

"எத்தனை வருசத்துப் பழசு?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போன வாரந்தான் வந்துச்சு மேடம்."

மருமகள் என் முழங்கையை இடித்தாள். அவர்கள் இரண்டு பேரும் வேறு தட்டுக்குப் போனதும் நான் அதை எடுத்து மெதுவாக மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை. நகைக்கு ஏது வாசனை என்று கேட்பீர்கள். நான் ஒரு காலத்தில் மாதக்கணக்கில் கழுத்தில் போட்டுத் திரிந்த அட்டிகைக்கு இருந்தது. ஈரக் கம்பளி, விறகுப் புகை, முகப்பவுடர், ஃபேக்டரியில் தேயிலை காயும்போது வருகிற அந்தக் கசப்பு மணம், எல்லாம் கலந்த வாசனை. அந்த அட்டிகை என்னுடையதல்ல. எஸ்தர் அக்காவுடையது.

எழுபதுகளின் நடுவில் இடுக்கி மலையில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதியில், வெயிலும் நிலக்கடலைக் காடுமாக வளர்ந்தவள் நான். மஞ்சு மூடின மலையை அதுவரை காலண்டரில்தான் பார்த்திருந்தேன். போன முதல் வாரத்தில் துவைத்துப் போட்ட சேலை காயவே காயாது என்பது தெரியாமல், கொடியில் போட்டுவிட்டு தினமும் போய்த் தொட்டுப் பார்த்து வந்தேன். எஸ்தர் அக்காதான் அதை எடுத்து அடுப்புக்கு மேலே கட்டின கயிற்றில் போட்டாள். அன்றிலிருந்து என் சேலைகள் எல்லாம் புகை நாறின. நானும் நாறினேன். வகுப்பில் பிள்ளைகளும் அதே நாற்றம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

நான் தங்கியிருந்தது எஸ்தர் அக்கா வீட்டில்தான். அவள் வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணன் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, மேட்டில் அவர்களுக்குத் தனி குவார்ட்டர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் "ஏனுங்கக்கா" என்று கூப்பிட்டால் எஸ்தர் அக்கா சிரிசிரி என்று சிரிப்பாள். "ஒரு அக்காவுக்கு எத்தன 'ங்க' போடுவிய டீச்சர்? வீட்டுல கோழியக்கூட 'வாங்க'ன்னுதான் கூப்பிடுவியளோ?" என்பாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். நீளமான கழுத்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அட்டிகை எல்லார் கழுத்துக்கும் பொருந்தாது. என்னைப் போலக் கழுத்தே இல்லாதவர்கள் போட்டால் தாடையில் இடிக்கும்.

அந்த அட்டிகையை நான் முதலில் பார்த்தது மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜூனில் எடவப்பாதி மழை ஆரம்பித்தால் அங்கே வெயில் என்பது விருந்தாளி மாதிரி. வந்தால் எல்லா வேலையையும் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டும். அக்கா வாசலில் முறத்தைப் போட்டு, அதில் மல் துணியை விரித்து, அட்டிகையை வைத்தாள். செம்பு கலந்த பழந்தங்கம். மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. கீழே வரிசை வரிசையாகத் தொங்கிய முத்துகள் ஒவ்வொன்றும் நொய்யரிசி அளவுதான். ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒன்று தட்டை, ஒன்று கோணல், ஒன்றில் லேசான ரோஸ் நிறம். எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"எங்க அம்ம தந்தது" என்றாள் அக்கா. "அம்மைக்கு அவ அம்ம தந்தது. கடக்கரை ஆளுக. பெரிய முத்தெல்லாம் யாவாரி கொண்டுட்டுப் போயிட்டான். சல்லடையில கீழ விழுந்ததப் பொறுக்கிச் சேத்து, இத உண்டாக்கினாவளாம்."

மழைக்காலத்தில் நூல் இற்றுப்போகும். அப்போது அக்காவே அதை மறுபடி கோப்பாள். அந்த முத்தின் துளையில் எந்த ஊசியும் நுழையாது. நூலை மெழுகுவத்தியில் உருவி, முனையை விறைப்பாக்கி, அதையே ஊசியாக நுழைக்க வேண்டும். நானும் உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்து ஒரு முத்தைத் தவறவிட்டேன். அது பக்கத்தில் இருந்த அரிசிக்குள் போய்விட்டது. இருவரும் மணிக்கணக்காகத் தேடினோம். எப்படியோ அக்கா கண்டுபிடித்தாள். அதற்குள் நான் கல் என்று நினைத்து வாசலில் எறிந்தவற்றில் எத்தனை முத்து என்று கேட்டுக் கேட்டு அந்த வாரம் முழுக்க என்னைக் கேலி செய்தாள்.

நான் போவதற்கு முன்பு அந்த வீடு அப்படிச் சிரிப்பாக இருந்ததில்லையாம். தேவராஜ் அண்ணன் சம்பள நாளில் கள்ளு ஷாப்புக்குப் போனால் யாராவது தோளில் தாங்கித்தான் கொண்டுவருவார்களாம். ஒரு தடவை வயிற்றுவலி வந்து, பிழைப்பாரா என்று ஆகி, யாரோ அழைத்துப் போய் ஒரு ஜெபக் கூட்டத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையில் சேர்ந்தவர் குடியை விட்டார். பீடியையும் விட்டார். நான் பார்த்த தேவராஜ் அண்ணன், சாயங்காலம் பெண்சாதிக்கு விறகு பிளந்து கொடுத்துவிட்டுப் பாட்டுப் பாடுகிற மனிதர்.

அந்தச் சபையில் பெண்கள் நகை போட மாட்டார்கள். எஸ்தர் அக்காவும் அந்தச் சபை முறைப்படி மறுபடி ஞானஸ்நானம் எடுக்குமுன் வளையலைக் கழற்றினாள், கம்மலைக் கழற்றினாள், ஒன்றும் முணுமுணுக்கவில்லை. அட்டிகைதான் பாக்கி நின்றது. "ஊருல உன் தங்கச்சிக்குக் குடுத்துருவமே" என்றார் அண்ணன். "மழ விடட்டும், போவோம்" என்றாள் அக்கா. ஏலப்பாறையில் மழை விடுவதாவது! அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் மேலே பேசவில்லை.

ஒரு நாள் காலையில் அவள் குனிந்து அடுப்பூதும்போது, மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கழுத்துக்குள் ஏதோ மின்னியது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"பெட்டியில வச்சா செத்துப் போவும் டீச்சர்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "முத்து நம்ம மேலு சூட்டுலயே கெடக்கணும். இந்த ஈரத்துல பெட்டிக்குள்ள கெடந்தா மஞ்சளாயி உதுந்துரும்லா." அடுப்பை இன்னொரு தடவை ஊதிவிட்டு, "அவுக குடிய விட்டுட்டாவ. இத விட எனக்கு முடியாதா? விடத்தான் பாக்குதேன்" என்றாள். புகையில் கண் கலங்கியதா, அதனாலா என்று எனக்குத் தெரியவில்லை.

குளிர்காலம் முழுக்க அப்படியே ஓடியது. அந்த மலையில் எந்தப் பெண்ணும் கழுத்துவரை மூடாமல் வெளியே வருவதில்லை என்பது அவளுக்கு வசதி. ஆனால் ஒரு ஜெபக் கூட்டத்தில், சபையின் மூத்த அம்மா ஒருவர் ஜெபிக்கும்போது அவள் தோளில் கை வைத்தார். கை இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தால் தட்டுப்பட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அக்கா என் அறைக் கதவைச் சாத்திவிட்டு அட்டிகையைக் கழற்றி என் கழுத்தில் கட்டினாள்.

"நீங்க போட்டுக்கிடுங்க டீச்சர். உங்க மேலுல இருக்கட்டும். நான் இங்க இருந்து பாத்துக்கிடுதேன்."

முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, உண்மையைச் சொல்கிறேன், கர்வமாக இருந்தது. ஸ்கூலில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முத்துகள் ஒன்றோடொன்று உரசுகிற மெல்லிய சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். வீட்டில் அக்கா சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கழுத்தைத்தான் பார்ப்பாள்.

பெரிய லீவுக்கு ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏம் புள்ள, இதேது? ஆரு குடுத்தது?"

"நான் தங்கியிருக்கற ஊட்டு அக்கா குடுத்தாங்க. போட்டு வெச்சிருக்கச் சொன்னாங்க."

"ஊரு உலகத்துல ஆராச்சும் நகையப் போட்டு வெச்சிருன்னு குடுப்பாங்களா? அவிய ஊட்டுல பசங்க ஆராச்சும் இருக்கறாங்களா?"

அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேகம் அதோடு இரட்டிப்பானது. அந்த லீவிலேயே கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கெட்டிக்காரர். என் முகம், நடை, காப்பி எதையும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அட்டிகையை விரலால் தூக்கிப் பார்த்து, "இந்த மாதிரி வேலப்பாடு இப்ப ஆருங்க செய்யறாங்க? இது புள்ளைக்குத்தானுங்களே?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "இல்லீங்க. இது எங்க அக்காளுதுங்க."

"அக்காளா? ஒத்தப் புள்ளைன்னில்ல சொன்னாங்க!"

பிறகு நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதைக் கேட்டு மாமியார் மனம் நெகிழ்ந்து சம்மதித்ததாக என் வீட்டுக்காரர் இன்றும் எல்லாரிடமும் சொல்கிறார். எனக்கு நினைவிருப்பது வேறு. மாமியார் என் அம்மா பக்கம் திரும்பி, "அப்ப புள்ளைக்கு என்னதான் போடுவீங்க?" என்று கேட்டார். எப்படியோ கல்யாணம் நிச்சயமானது.

லீவு முடிந்து மலைக்குப் போனதும் முதல் வேலையாக அட்டிகையைக் கழற்றி அக்கா கையில் வைத்தேன். அவள் வாங்கவில்லை. "கல்யாணத்துக்கு இதப் போட்டுக்கிட்டுத்தான் உக்காரணும். நான் வந்து பாக்கணும்" என்றாள். வந்தாள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு, அத்தனை மலையும் இறங்கி வந்தாள். மணவறையில் என் கண் தேடியபோதெல்லாம் அவள் முன் வரிசைப் பெண்களுக்கு நடுவே இருந்தாள். அத்தனை நகைக்கு நடுவே அவள் காதும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. என் சித்தி ஒருத்தி, "பாவம், இல்லாதவிய போல" என்று என் காதில் சொன்னாள்.

மறுநாள் அவர்கள் கிளம்பும்போது உள்ளறையில் வைத்து அட்டிகையை அவளிடம் கொடுத்தேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். ஒரு தடவை வைத்துப் பார்க்கத்தான் நினைத்தாள் போலிருக்கிறது. கழுத்தில் வைத்துக்கொண்டு, "கட்டி விடுங்க டீச்சர்" என்றாள். நான் கட்டி முடிக்கும்போது கண்ணாடியில் தேவராஜ் அண்ணன் தெரிந்தார். வாசற்படியில் பையோடு நின்றிருந்தார்.

அக்காவின் கை பின்கழுத்துக்குப் போனது. அண்ணன் தடுத்தார்.

"இருக்கட்டும்ளா. குளுருகாலம் பூரா கம்பிளிக்குள்ள கெடந்துச்சே, எனக்குத் தெரியாதா? திரும்பிப் படுக்கும்போது சத்தம் கேக்கும்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நான் குடிச்சிட்டு வந்தப்ப நீ எத்தன நாளு ஒண்ணும் சொல்லாம கெடந்த?" என்றார் அவர். பிறகு பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "குமுளி வரைக்கும் போட்டுக்க. அதுவரைக்கும் நம்மள ஆருக்கும் தெரியாது" என்றார்.

நானும் என் வீட்டுக்காரரும் அவர்களைப் பொள்ளாச்சியில் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடாமல், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அவள் போனாள். கிழக்கு வெயில் நேராக அவள் மேல் விழுந்தது. அத்தனை நாள் என் குட்டைக் கழுத்தில் கிடந்தபோது அந்த முத்துகளுக்கு அந்த ஒளி இருந்ததில்லை.

கல்யாண லீவு முடிந்து நான் மலைக்குத் திரும்பியபோது மிச்சத்தை அக்கா சொன்னாள். பழனியில் ஏறின ஓர் அம்மாள் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, எந்த ஊர் நகை என்று கேட்டாளாம். தேனி வரும்வரை அக்கா அவளுக்குத் தன் அம்மா கதை, கடற்கரைக் கதை, சல்லடைக் கதை எல்லாம் சொன்னாளாம். குமுளியில் இறங்குமுன் அவளேதான் கழற்றினாள். அண்ணன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்த் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "இப்ப லேசா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நான் மாற்றலாகி பாலக்காட்டுப் பக்கம் வந்து சில வருஷம் கழித்து, அந்தத் தங்கை அட்டிகையை அழித்துத் தன் மகளுக்கு இரட்டைவடச் சங்கிலி செய்துவிட்டாள். அப்போது எல்லாரும் அப்படித்தான். பழசு போட்டால் கிழவி நகை என்பார்கள். எஸ்தர் அக்கா கோபப்படவில்லையாம். "முத்து எங்கட்டி?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். "அத ஆரு எடுத்து வச்சா? ஆசாரி தட்டி விட்டுட்டாரு" என்றாளாம் தங்கை.

இன்று தேவராஜ் அண்ணன் இல்லை. எஸ்தர் அக்கா கடைசிக் காலத்தில் மகனோடு திருப்பூருக்குப் போய், அங்கேயே காலமானாள். எஸ்டேட் மூடிக் கிடக்கிறது. வெட்டாமல் விட்ட தேயிலை ஆள் உயரம் தாண்டி மரமாகிவிட்டது என்கிறார்கள். அந்த குவார்ட்டர்ஸுக்குக் கூரை இல்லையாம்.

என் கல்யாணப் படத்தில் அட்டிகை இருக்கிறது, என் தாடைக்குக் கீழே நசுங்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளையில். ஆனால் அதற்கு உரிய கழுத்தில் அதை யாரும் படம் பிடிக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து குமுளிவரை அவளோடு பஸ்ஸில் வந்தவர்கள் பார்த்ததுதான். அவர்களும் அவரவர் ஊரில் இறங்கிப் போய்விட்டார்கள்.