மூன்றாம் முறை வந்த வெள்ளைப் பூ

அண்ணாமலையாரை நம்பும் அன்பர்களுக்கு, வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் எழுதிக்கொள்வது. என் மனைவி மல்லிகா பிழைத்திருக்கிறாள். அது அவன் கருணை. அவள் பட்ட பாட்டில் பாதி என்னால் வந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் பொய்யாகிவிடும்.

மல்லிகாவின் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். அதனால் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றும்போது எனக்கு ஒரே வேண்டுதல்தான். இவளுக்கு எது வந்தாலும் முன்கூட்டியே காட்டிவிடு என்பேன்.

போன மாசியில் கீழ்பென்னாத்தூரில் ஓர் ஆராய்ச்சி முகாம் நடந்தது. ரத்தத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்துப் புற்றுநோயின் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறார்களாம். குடும்பத்தில் இந்த நோய் இருந்த பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மல்லிகாவும் ரத்தம் கொடுத்தாள். சில வாரம் கழித்து அந்த ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் எனக்கு போன் செய்தாள்.

"சார், இதை வச்சு வியாதின்னு முடிவு பண்ண முடியாதுங்க. நாங்களே இன்னும் சோதிச்சுப் பாத்துட்டுதான் இருக்கோம். ஆனா அவங்க ரத்தத்துல வித்தியாசம் தெரியுது. உடனே ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

நான் ஸ்கேனுக்குப் போகாமல் பூஜை அறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் நோய் இல்லை, சிவப்பு வந்தால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு. ஒரு தடவைதான் கேட்க வேண்டும், அதுதான் முறை. நான் குலுக்கிப் போட்டு மறுபடி எடுத்தேன். அதுவும் சிவப்பு. மூன்றாவது தடவைதான் வெள்ளை வந்தது.

"வெள்ளை வந்துடுச்சு, உனக்கு ஒண்ணும் இல்ல" என்று மல்லிகாவிடம் சொன்னேன். முதல் இரண்டையும் விழுங்கிவிட்டேன். அவள் என்னை நம்பினாள்.

அந்தப் பெண் மேலும் இரண்டு முறை கூப்பிட்டாள். "எங்க சாமியே சொல்லிட்டாரு, நீங்க சும்மா பயமுறுத்தாதீங்க" என்று வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனியில் மல்லிகாவுக்கு வயிறு உப்பியது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா சின்னதா முடிஞ்சிருக்கலாம். இப்ப பரவியிருக்கு" என்றார்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் இனி எந்தப் பதிலும் கேட்க மாட்டேன், அவளை மட்டும் விட்டுவிடு என்றேன். விட்டான். அதன்பின் ஆறு கீமோ. தலைமுடி போயிற்று, நகம் கறுத்தது, வாய்ப்புண்ணால் கஞ்சிகூட இறங்கவில்லை. இவ்வளவும் அவளுக்குத் தேவையே இல்லாமல் போயிருக்கலாம். போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

அன்றுதான் பூ விஷயத்தை அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"சாமி அந்தப் பொண்ணு வாயால சொன்னாரு. பூவுல ரெண்டு வாட்டி சொன்னாரு. இன்னும் எப்படிங்க சொல்லுவாரு?" என்றாள்.

அவள் சொல்லித்தான் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன், "அக்கா எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டாள்.

அன்பர்களே, கேட்டால் அவன் கொடுப்பான். எனக்குக் கேட்டபடியே முன்கூட்டிக் காட்டினான். உங்களுக்கும் காட்டுவான். அது பிடிக்காத பதிலாக இருந்தால் இன்னொரு பொட்டலம் கட்டாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.