நகம் பதிய வேண்டும்

ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் நாயோடு திரும்பி வந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் குறுக்குத்துறைக்குப் போய் நாலு முங்கு போட்டுவிட்டு வருவது எனக்குப் பழக்கம். அன்றைக்குப் படித்துறையில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது, அதன் ஒரு நுனியை ஒரு குட்டி கவ்விக்கொண்டது. செவலை நிறம். ஒரு காது நிமிர்ந்திருந்தது, இன்னொன்று மடிந்து கிடந்தது. இழுத்தேன், அதுவும் இழுத்தது. துண்டை விட எனக்கும் மனமில்லை, அதற்கும் இல்லை. ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபடி இரண்டு பேரும் வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தோம்.

கதவைத் திறந்த என் மனைவி முதலில் துண்டைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். மூன்றில் எதன் மேலும் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் வந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் சைவம். கேக்கில் முட்டை உண்டா இல்லையா என்று விசாரித்து முடிப்பதற்குள் பிறந்தநாளே முடிந்துபோகும் வீடு எங்களுடையது. அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாள்.

"எலும்புன்னு ஒண்ணு இந்த வாசப்படியைத் தாண்டக்கூடாது. மத்ததைப் பெறகு பாப்போம்."

பெயர் வைக்கவும் விடவில்லை. பெயர் வைத்தால் பாத்தியதை வந்துவிடும் என்பது அவள் கட்சி. அதனால் 'ஏலே' என்றே கூப்பிட்டோம். அதில் ஒரு சங்கடம் இருந்தது. திருநெல்வேலித் தெருவில் யார் யாரை 'ஏலே' என்று கூப்பிட்டாலும் இவன் வாலை ஆட்டிக்கொண்டு அங்கே போய் நின்றான்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மகள் வேலைக்கென்று புனேக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் மிக்சி ஓடினால்தான் சத்தம். நானும் மனைவியும் பேச வேண்டியதையெல்லாம் காலைக் காப்பியோடு பேசி முடித்துவிட்டு, மிச்சப் பகலை ஆளுக்கொரு அறையில் கழித்துக்கொண்டிருந்தோம். இவன் வந்தபின் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எதையாவது தேடிக்கொண்டோ, யாரையாவது விரட்டிக்கொண்டோ இருந்தோம்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இவன் குரைப்பதே இல்லை. செருப்பில் தொடங்கினான். என் மூக்குக்கண்ணாடிக் கூடு, செல்போன் சார்ஜர் வயர், அரிசி புடைக்கும் சுளகின் விளிம்பு என்று முன்னேறினான். அதுவரை மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம், நாங்கள் இருவரும் கல்யாணத்தன்று உட்கார்ந்த மணைப்பலகையின் ஒரு மூலையை இவன் கடித்துத் துப்பி வைத்திருந்தான். என் பக்கத்து மூலைதான், உன் பக்கம் அப்படியேதான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை.

அன்றைக்கே திசையன்விளைக்குப் போன் போனது. அங்கே அவள் தம்பிக்கு முருங்கைத் தோட்டமும் கொஞ்சம் பனையும் உண்டு. அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி வருவதாகவும், வரும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும் அவன் சொன்னான். தோட்டக் காவலுக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவனுக்கு. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடிப்பதற்கென்று அவனுக்கே அவனுக்காக ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் வீட்டுச் சாமான் தப்பிக்கும், சாமான் தப்பித்தால் இவனும் தப்பிப்பான் என்று கணக்குப் போட்டேன். முதலில் மட்டை உரிக்காத ஒரு தேங்காயைக் கொடுத்துப் பார்த்தேன். 'நாய்க்குக் கிடைத்த முழுத்தேங்காய்' என்ற பேச்சை ஆயிரம் தடவை கேட்டவன் நான். ஆனாலும் புத்தி போகவில்லை. அவன் அதைக் கூடத்திலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து கூடத்துக்கும் உருட்டினான். சாயங்காலம் வீடு முழுக்கத் தேங்காய் நார்ச் சவுரி பறந்தது. பெருக்கிக்கொண்டே மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு யாரைக் குறித்தது என்று தெளிவாகவே இருந்தது.

பிறகுதான் பாளையங்கோட்டையில் நாய்ச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். வெள்ளை வெளேரென்று, சுருட்டி முறுக்கிய குச்சிகள் பாக்கெட்டில் இருந்தன. சைவம்தானா என்று கேட்டேன். கறி கிடையாது அண்ணாச்சி, சும்மா கடிக்கத்தான் என்றார் கடைக்காரர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டில் மனைவி ஒன்றை எடுத்து மோந்தாள், ஒடித்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் திருப்பினாள். கோடையில் மாடியில் கூழ்வற்றல் காயவைக்கிறவள் அல்லவா, அவள் தீர்ப்பை நான் அப்பீல் செய்வதில்லை. மாவைக் காய்ச்சிச் செய்திருக்கிறார்கள், நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, எறும்பு வராமலிருக்க பாக்கெட்டை அடுப்படி அலமாரியில் வற்றல் சம்படத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவில் வைத்தாள்.

சில நாள் வீட்டில் நல்ல காலம். மணைப்பலகை தப்பித்தது. அவனும் குச்சியைக் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு, கரும்பு தின்கிறவனைப் போலக் கண்ணை மூடி மென்றான். இதை முன்னாலேயே வாங்கியிருக்கலாமே என்று மனைவிகூடச் சொன்னாள். போன் போட்டுத் தம்பியை வரவேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அது மட்டும் நடக்கவில்லை.

ஒரு காலையில் அவன் திடீரென்று கழுத்தை நீட்டி இருமினான். வாயில் நுரை தள்ளியது. மூச்சு இழுத்தது. நான் வழக்கம்போல என்ன செய்வது என்று தெரியாமல் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை அவனை விளக்குமாற்றால் தவிர வேறெதனாலும் தொட்டறியாத என் மனைவி தரையில் உட்கார்ந்து, அவன் வாயைப் பிளந்து, இரண்டு விரலை உள்ளே விட்டாள். கொழகொழவென்று ஒரு குச்சித் துண்டு வெளியே வந்தது. அவன் மூச்சு விட்டான். அப்புறம்தான் அவளும் விட்டாள். பழைய புடவையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். மாட்டு டாக்டரிடம் போகும் வழியெல்லாம், பைய ஓட்டுங்க, பைய ஓட்டுங்க என்று ஆட்டோக்காரரையும், சீக்கிரம் போகச் சொல்லுங்க என்று என்னையும் விரட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் இளவயதுப் பெண். தொண்டையைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். பிறகு மனைவி காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்த அந்தத் துண்டைப் புரட்டினார்.

"இது மாட்டுத் தோலும்மா. பதம் பண்ணிச் சுருட்டினது. ஊறினா இப்படித்தான் கொழகொழன்னு ஆகித் தொண்டையில அடைச்சிரும்."

நான் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினேன். மாட்டுத் தோல். அப்பளத்துக்குப் பக்கத்தில். பிரதோஷத்தன்றும் அங்கேதான் இருந்தது. எல்லாம் முடிந்தது, முகூர்த்தம்கூட வேண்டாம், இன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவாள் என்று நினைத்தேன். மனைவி தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு டாக்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்படியானால் இதற்கு எதைத்தான் கடிக்கக் கொடுப்பது என்று கேட்டாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இவனுக்குப் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற பருவம், ஈறு அரிக்கும், கடிக்காமல் இருக்கவே முடியாது, அது குறும்பு அல்ல. கொடுக்கிற சாமான் வாய்க்குள் முழுசாகப் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பிய்ந்து வருகிற கண், பித்தான், உள்ளே கீச்சிடுகிற பீப்பீ எதுவும் கூடாது. நூல் பிரிகிற கயிறு குடலில் போய்ச் சிக்கும். வேகவைத்த எலும்பு ஊசியாக உடையும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் பல்லே உடைந்துவிடும். அதனால் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும், லேசாகப் பதிந்தால் கொடுக்கலாம்.

அந்த இடத்தில் என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது.

"சுரைக்காய்க்குப் பாக்குத மாதிரியா?"

டாக்டர் சிரித்துவிட்டார். சுரைக்காய் அளவுக்குப் பிஞ்சாக வேண்டாம், கொஞ்சம் முற்றலாகவே பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மஞ்சள் தண்ணீரில் குளித்தது, அவளும் குளித்தாள், என்னையும் குளிக்கச் சொன்னாள். கோடையெல்லாம் காயவைத்த வற்றல் வெளியே போனது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நாயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு என்ன தெரியும், கேட்டு வாங்கத் தெரியாத ஆளைத்தான் சொல்ல வேண்டும் என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடைக்கு அவளே வந்தாள். எங்கள் பக்கத்துக் காய்க்கடைக்காரர்கள் அவளைக் கண்டால் சுரைக்காயை உள்ளே தள்ளி வைப்பார்கள். அந்த நகத்தை நாய்க்கடைக்காரர் அன்றுதான் முதலில் பார்க்கிறார். எடுத்த எடுப்பில் எலும்பு வடிவத்தில் ஒரு நைலான் சாமானை நீட்டினார். நகம் வழுக்கிப் போனது. பதியவும் இல்லை, பார்க்கவும் எலும்பாக இருக்கிறது என்று திருப்பி வைத்தாள். மஞ்சள் வாத்தை அழுத்தினாள், அது கீச்சென்றது, அதுவும் போனது. கயிற்று முடிச்சில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். நூல் வந்துகொண்டே இருந்தது, கடைக்காரரின் முகம் மாறிக்கொண்டே இருந்தது. நகம் பட்ட சாமானை வேறு யார் வாங்குவார் அக்கா என்று அவர் மெல்லக் கேட்டதற்கு, நகம் படாத சாமானை நான் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பொம்மையை மோந்து பார்த்தாள்.

கடைசியில் ஒரு தடித்த சிவப்பு ரப்பர் வளையம் சிக்கியது. நகம் லேசாகப் பதிந்து மெல்ல மறைந்தது. வாடை இல்லை. இழுத்தால் பிய்யவில்லை. தன் வளையலைக் கழற்றி அதன் மேல் வைத்துப் பார்த்தாள். இவன் வாய்க்குள் அந்த வளையல் போகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது அளந்தாள் என்று நான் கேட்கவில்லை. வளையம் வளையலைவிடப் பெரிதாகவே இருந்தது.

வீட்டில் அதற்கென்று தனியாக ஒரு சம்படம் போட்டு, ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்தாள். குளிர்ந்ததைக் கடித்தால் ஈறுக்கு இதமாக இருக்குமாம். மணைப்பலகைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. நான் மட்டும் முகூர்த்த நாளை நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். தம்பியைப் பற்றி வாயெடுத்தால் அவளுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்து, திசையன்விளை என்ற சொல்லையே நான் அந்த நாட்களில் உச்சரிக்கவில்லை.

மைத்துனன் சொன்னபடி வந்தான். கல்யாணச் சாப்பாட்டு வெற்றிலை வாயில், புதுச் சங்கிலி கையில். மனைவி காப்பி கொடுத்தாள். குடிக்க விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கன இது எதைலே கடிக்கும்?"

"தோட்டத்துல சாமானுக்கா பஞ்சம்? பனமட்டை கெடக்கு, பனங்கொட்டை கெடக்கு. கெடச்சதைக் கடிக்கும்."

"மட்டையில கருக்கு இருக்குமே, வாயைக் கிழிக்காதா? பனங்கொட்டையில நகம் பதியுமா?"

"யாரு நகம்?" என்று அவன் என்னைப் பார்த்தான். நான் மறுபடியும் காலண்டர் தேடினேன்.

தோட்டத்துக் காவல்காரர் ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு போடுவார், அது ஒரு குறையும் இல்லாமல் வளரும் என்று அவன் தெரியாத்தனமாகச் சொல்லிவைத்தான். வேகவைத்த எலும்பா என்று கேட்டு, அவள் தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"பல்லு விழுந்து முளைக்குத பிள்ளையை எவளாவது ஊருக்கு அனுப்புவாளாலே? நீ போயிட்டு வா."

அவன் சங்கிலியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது, அத்தான், என்னைய எதுக்குத்தான் வரச்சொன்னிய என்று என்னிடம் கேட்டான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவனுக்கு ஒரு கிலோ அல்வாவே வாங்கிக் கொடுத்திருப்பேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், வளையத்தைக் கழுவ எடுத்த மனைவி என்னைக் கூப்பிட்டாள். ரப்பரில் ஒரு பல் குத்தி நின்றது. அரிசிக் குருணை அளவுதான். எலும்பு வாசற்படியைத் தாண்டக்கூடாது என்றாயே, பல்லும் எலும்பு ஜாதிதானே என்று சீண்டினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. அடுத்த தெருப் பால்காரர் வீட்டில் கொஞ்சம் சாணி வாங்கிவரச் சொன்னாள். எதற்கென்று புரியாமலே வாங்கி வந்தேன். பல்லைச் சாணிக்குள் வைத்து உருட்டியபோதுதான் புரிந்தது. மகளுக்குப் பல் விழுந்தபோதெல்லாம் இதேபோல உருட்டி மாடிக்கு எறிந்தவள் இவள்தான். விழுந்த பல்லை வானம் பார்த்தால் மறுபல் முளைக்காது என்பார்கள்.

முற்றத்தில் நின்று எறிந்தாள். மாடிக்கு எட்டாமல் சுவரில் பட்டுக் கீழே வந்தது. தனக்குத்தான் பந்து எறிகிறார்கள் என்று இவன் பாய்ந்து ஓட, லே, வைடா, அது உன் பல்லுதான் என்று அவள் பின்னால் ஓட, நான் சிரித்துச் சிரித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தடவை போய் விழுந்தது, மகளின் பல்லெல்லாம் போய் விழுந்த அதே மூலையில். கையைக்கூடக் கழுவாமல், புறங்கையால் போனைத் தள்ளி மகளைக் கூப்பிடச் சொன்னாள். மகள் எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏட்டி, உன் தம்பிக்கு முதப் பல்லு விழுந்துட்டு."