வளைவுக்கு ஒரு வார்த்தை

மலைப் பாதையில் பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்குக் கண் இரண்டும் போதும், காதுதான் தொல்லை. சக ஓட்டுநர்களே, பிள்ளைகளின் கூச்சலை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்.

எலுமிச்சம்பழம்

மாரமங்கலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறேன். பன்னெண்டாவது படிக்கும் பூங்கொடி, ஏறி உட்கார்ந்ததும் இங்கிலீஷ் வார்த்தைப் புத்தகத்தைத் திறப்பாள். சில வளைவு தாண்டினால் வாந்தி. கழுவுகிறவன் நான். வேனில் புத்தகத்தை எடுக்காதே என்று கத்தினேன்.

அவளுக்கு வேறு வழியில்லை. சேலத்துக் கல்லூரி ஒன்றில் நர்ஸிங் படிக்க இலவச இடம் தருகிறார்கள். அதற்கொரு தேர்வு. அதில் கேட்பதெல்லாம் பல்லை உடைக்கிற இங்கிலீஷ் வார்த்தை. தேறாவிட்டால் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டியதுதான் என்று அப்பன் சொல்லிவிட்டார். வீட்டிலோ ஆடு, அடுப்பு, தம்பிகள். படிக்க மிச்சம் இருந்தது என் வேன்தான். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பதில் சொன்னாள்: "புத்தகத்த மூடுனா வாந்தி நின்னுருமுங்க தாத்தா. படிப்பும் நின்னுருமுங்களே."

ஹாரன்

அவள் கூட்டாளி ஜெனிபர் ஒரு வழி கண்டுபிடித்தாள். புத்தகம் ஜெனிபர் கையில். வளைவுக்கு ஒரு வார்த்தை. நான் ஹாரன் அடிப்பதற்குள் பூங்கொடி அர்த்தம் சொல்லியாக வேண்டும். பாறை தொங்குகிற வளைவுக்கு 'ப்ரிகேரியஸ்'. எப்போது விழுமோ என்கிற நிலை. பலா காய்த்துக் கிடக்கும் வளைவுக்கு 'அபன்டன்ட்', ஏராளம். எங்களுக்குக் கேட்டைத் திறக்கவே மாட்டேன் என்று வாட்ச்மேன் நிற்கிற எஸ்டேட் வளைவுக்கு 'ஆப்ஸ்டினேட்', பிடிவாதம்.

என்னை யாரும் கேட்கவில்லை. அவள் தடுமாறினால் மட்டும் வண்டி தானாகக் கொஞ்சம் மெதுவாகும். பழைய வண்டி.

'இராஸிபிள்' என்று ஒரு வார்த்தை. அதை எந்த வளைவிலும் கேட்கவில்லையே என்றேன். இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. ஜெனிபர் சொன்னாள்: "மூக்கு நுனியில கோவம்னு அர்த்தமுங்க. அதுக்கு வளைவு எதுக்குங்க தாத்தா? டிரைவர் சீட்டப் பாத்தாலே வந்துருமுங்க."

விழுந்த மரம்

தேர்வு நெருங்கிய நேரம். மழையில் பெரிய சில்வர் ஓக் ஒன்று பாதையில் விழுந்தது. வேறு வழியாகச் சுற்றிப் போனேன். ஜெனிபர் வழக்கம்போலக் கேட்டாள். பூங்கொடி முழித்தாள். பாறையைக் காணோம், பலாவைக் காணோம், ஒரு அர்த்தமும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அன்றைக்கென்று அவள் அப்பனும் மிளகு மூட்டையோடு வேனில் இருந்தார். மூட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "ஏஞ்சாமி, பாடத்தைப் பாறைமேல வெச்சுட்டு வந்தியே, பரீட்சைக்குப் பாறையத் தூக்கிட்டா போவ?"

சாய்வு

மறுநாளிலிருந்து, நிற்கிற வேனில் கேள்வி. ஜெனிபர் அவளைக் கண்ணை மூடச் சொன்னாள். பூங்கொடி மனசுக்குள்ளேயே வேனை ஓட்டினாள். பாறை வளைவு வந்தால் உடம்பு இந்தப் பக்கம் சாயும். பலா வளைவு என்றால் அந்தப் பக்கம். சாய்ந்ததும் அர்த்தம் வந்துவிடும். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வந்தது.

சேலத்தில் தேர்வு. நான்தான் கூட்டிப் போனேன். முடிந்ததும் மேற்பார்வைக்கு இருந்த அம்மா அவளைக் கையோடு கேட்டுக்கு அழைத்து வந்தார். போச்சு, பேப்பரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா சொன்னார்: "பக்கத்துப் பேப்பரப் பாக்கறான்னு சுவரோரமா தனியா உக்கார வெச்சேன், அங்கயும் சாயறா. முதுகுல ஏதோ கோளாறு, டாக்டர்கிட்ட காட்டுங்க பெரியவரே!"

நேர் ரோடு

இடம் கிடைத்தது. வேனில் போகும்போதுதான் ஜெனிபர் போனில் செய்தி பார்த்துக் கத்தினாள். வளைவே இல்லாத இடத்தில் ஹாரன் அடித்தேன். ஆடு குறுக்கே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலுக்கு இறக்கிவிடவும் நானே போனேன். அப்பன் முன் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கல்லூரி வாசலில் இறங்கி, பூங்கொடி ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஏனுங்க தாத்தா, இங்க ரோடெல்லாம் நொம்ப நேரா இருக்குதுங்களே. நான் எங்கீங்க சாஞ்சு படிக்கறது?"

ஆக, இத்தனை காலம் வாந்திக்கு மட்டும்தான் இந்த வளைவுகள் ஆகும் என்று வைதுகொண்டிருந்த நாம், சக ஓட்டுநர்களே, இனிக் கொஞ்சம் பார்த்துப் பேசுவது நல்லது.