வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா?

போன கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போயிருந்தேன். தரிசனம் முடிந்து வெளியே வந்தால், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண்மணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். யாரென்றே தெரியவில்லை. "அக்கா, நான்தான்!" என்று சிரித்த பிறகுதான்... அட, நம்ம தனலட்சுமி! பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்பவள். எனக்குத் தூரத்துத் தங்கை முறை.

"என்ன வேண்டுதல்?" என்றேன்.

"நம்ம பவித்ராவுக்குத்தான்க்கா. முழுகாம கீறா. மூணு மாசம்!"

வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். அவள் மகள் பவித்ராவுக்கு இருபத்துமூன்று வயது. அரக்கோணத்தில் செல்போன் கடையில் வேலை. கல்யாணமே ஆகவில்லையே!

கல்யாணத்துக்கு முன்னால் மகள் கர்ப்பம் என்றால் நம் ஊரில் ஒப்பாரி அல்லவா வைப்பார்கள்? இவள் முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு வருகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளே சொன்னாள். "அவ சிநேகிதி அந்தக் கல்பனாவோட சேத்துவெச்சி ஊரே பேசிக்கினு இருந்துச்சில்லக்கா... புருஷன் பொண்டாட்டி மாரி கீதுங்கன்னு. பவித்ராவோட நைனா சரியா சோறுகூடத் துன்னல. இப்போ எல்லார் வாயும் மூடிச்சி. பையன் அவகூட கடையில வேல செய்றவன்தான். வர்ற முகூர்த்தத்துல தாலி."

முகத்தில் அப்படியொரு நிம்மதி!

தனலட்சுமி பஞ்சாமிர்தம் வாங்கப் போனாள். அம்மாவோடு வந்து நிழலில் உட்கார்ந்திருந்த பவித்ராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சந்தோஷமா இருக்கியா?" — வேறென்ன கேட்பது?

"இல்ல பெரிம்மா. ஊரு சொன்னது நெசந்தான். எனக்குக் கல்பனாவத்தான் புடிக்கும்."

"அப்போ அந்தப் பையன்?"

"அவன்கூட சுத்துனா பேச்சு நின்னுடும்னு நெனச்சேங்க. நான் அப்டி இல்லன்னு எல்லாருக்கும் காட்டணும்னு... எனக்கேகூடக் காட்டிக்கணும்னு. இப்டி ஆவும்னு நெனைக்கல."

பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்குக் கர்ப்பம் என்ற கவலையே கிடையாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்ன அறிவு பாருங்கள்! அந்த நேசத்தை மறைக்கப் போய்த்தானே இவள் இங்கே வந்து நிற்கிறாள்?

"இப்போ என்ன செய்யப் போறே?"

"கொழந்த வேணும் பெரிம்மா. கல்யாணம் வேணாம். கல்பனாகிட்ட சொல்லிட்டேன். மூணு நாளு பேசவேயில்ல. நேத்து ஃபோன் பண்ணி, 'சத்து மாத்திர போட்டியா'ன்னு கேட்டா." அப்போதுதான் சிரித்தாள். "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா அடிச்சிக்கினு அழும்."

குழந்தை வேண்டும், கல்யாணம் வேண்டாம், கல்பனா வேண்டும்... எனக்குத் தலை சுற்றியது. அவளுக்குச் சுற்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

தனலட்சுமி திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. பஞ்சாமிர்த டப்பாவோடு மகள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஊருக்கு நான் இன்னாக்கா பதில் சொல்றது?"

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு யோசனை சொல்கிறவள் நான். அன்று தலையைக் குனிந்துகொண்டேன். போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேர் காதில் விழ, "எப்பப் பாரு அந்தக் கல்பனாகூடவே ஒட்டிக்கிட்டுத் திரியறியே, என்ன விஷயம்?" என்று பவித்ராவைக் கேட்டுச் சிரித்த ஊர்... நான்தான்.